பாடமாக்கிய ஆங்கிலம்

போனில் மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டாலே இப்போதும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அன்று வந்தது நான் படிக்கும் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து. வீட்டில் எழுதிக் கொடுத்த என் ஆங்கில ஒப்படையைச் சோதித்த மென்பொருள், அதில் பெரும்பகுதி ஏஐ எழுதியது என்கிறதாம். விசாரணைக்கு வரவேண்டுமாம். ஏஐயைப் பயன்படுத்தினால் மறைக்காமல் சொல்லவேண்டும் என்பது எங்கள் வளாக விதி. பயன்படுத்தவில்லை என்று நான் கையெழுத்து வைத்திருந்தேன். அது பொய் என்று முடிவானால் பட்டம் போய்விடும்.

கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் நின்ற அம்மாவிடம் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை, அதைக் கொண்டுதான் எழுதினனியோ?"

"இல்லையம்மா."

"ஓம்" என்றார். நம்பிச் சொன்ன ஓம் இல்லை அது.

நான் தமிழில் படித்து வளாகம் போனவள். வெள்ளவத்தையில் புடவைக்கடைக்கு மேலே நடந்த ரியூசன் வகுப்பில், ஆங்கிலக் கட்டுரைகளைச் செபம் சொல்வதுபோல் பாடமாக்கினோம். தொடங்க ஒரு வசனம், முடிக்க ஒரு வசனம். எந்தத் தலைப்பைத் தந்தாலும் பொருந்தும். என் ஆங்கிலம் முழுவதும் அங்கே சேர்த்ததுதான்; ஒப்படையையும் அதே வசனங்களை வைத்துத்தான் எழுதினேன்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். வெற்றுத்தாளைத் தந்து, அங்கேயே ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள். பேனையை எடுத்தேன். முதல் வசனம் தானாக வந்தது, அதே ரியூசன் வசனம். பயந்துபோய் வெட்டினேன். அடுத்ததும் அப்படியே வந்தது. வேறுமாதிரி எழுத என்னிடம் வேறு ஆங்கிலம் இல்லை. அந்தப் பாழாய்ப்போன மென்பொருள் சொன்னது சரிதானோ என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நடுவில் இருந்த மேடம் தாளை வாசித்தார். மற்ற இருவரையும் பார்த்தார்.

"சரி மகள், இந்தமுறை விடுறம். இனி இப்பிடிச் செய்யவேணாம்."

செய்யாத ஒன்றை இனிச் செய்யாமல் விடுவது எப்படி? அதைக் கேட்டிருக்கவேண்டும். "தாங்க்ஸ் மேடம்" என்றுதான் வந்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே எரிச்சல்.

இப்போது நான் ஒப்படை எழுத உட்கார்ந்தால், அம்மாவும் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாது அவருக்கு.

"ஆரும் கேட்டா, பிள்ளை தன்ர கையால எழுதினதை நான் பாத்தனான் எண்டு சொல்லுவன்" என்கிறார்.

என் விரல்களிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அந்த மூன்று பேருக்காக மட்டும்தான் பார்க்கிறாரா, தனக்காகவும் பார்க்கிறாரா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.