மாப்பிள்ளை தலைக்கு மேல் நங்கூரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளையின் தலைக்கு மேல் நங்கூரத்தைப் போட்டார்கள். கல்யாணம் நிச்சயமாவதற்காக!

சிரிக்காதீர்கள். எனக்கு இடது காது இன்னும் குய் என்கிறது.

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்? வீடு சொந்தமா, பையனுக்கு வெற்றிலைக்கு மேல் ஏதாவது பழக்கம் உண்டா... இப்படித்தானே? கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து தூத்துக்குடி மாப்பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது — குண்டுக்குப் பதுங்க ஷெல்டர் இருக்கிறதா?

என் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குப் பனந்தும்பு வியாபாரம். பிரஷ் செய்வதற்குச் சீமைக்குப் போகிற பனைநார்ச் சரக்கு. யுத்தத்தில் கப்பல் குறைந்ததும் தும்பு கிடங்கிலேயே தங்கிவிட்டது. அவர் மகன் ஆறுமுகம், ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் செண்பகம் என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து பையன் ஒழுங்காகச் சாப்பிடுகிறான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் தெரியாது.

பெண்ணின் அப்பா நெல்லும் வாழையும் போடுகிறவர். லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. வீடு பார்க்க வந்த இடத்தில், “இந்த ஊர்க்காரன்லாம் மூட்டை கட்டிக்கிட்டு எங்க பக்கம் ஓடி வாரான். நான் எம் மகளை இங்கன கொண்டாந்து விடணுமாக்கும்?” என்று கேட்டார்.

அண்ணாச்சி விடுவாரா? கிடங்குக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டி, சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் போட்டு மூடினார். இரும்புக் கம்பிக்கு யுத்தக் கண்ட்ரோல்; கடையில் கிடைக்காது. ஆகவே கம்பி இல்லாத கான்கிரீட். பெண்ணின் அப்பாவை வரவழைத்து, அவர் கண்ணெதிரே உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் அடுக்கச் சொன்னார். கூரை அசையவில்லை. அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார்.

பெண்ணின் அப்பா கேட்டார்: “ஏன்வே, ஜப்பான்காரன் குண்டை மூட்டை மாதிரி மெள்ள இறக்கியா வைப்பான்?”

நியாயமான கேள்வி. மூட்டைகளை இறக்கினார்கள். கிடங்கிலிருந்து வெளியே நீட்டிய உத்தரத்தில் பொதி தூக்குகிற கப்பியில் ஒரு பழைய தோணி நங்கூரத்தை ஏற்றி, கயிற்றை விட்டார்கள். அத்தனை மூட்டையைச் சுமந்த கூரை அப்பளமாக நொறுங்கியது. அடிப்பக்கத்திலிருந்து பெயர்ந்த சில்லுகள் பள்ளத்துக்குள் சிதறிக் கிடந்தன.

மெதுவாக ஏறுகிற பாரத்தைக் கூரை முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளும். திடீரென்று விழுகிற அடி அதற்கு அவகாசம் தருவதில்லை. விழுந்த இடமே முழுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மனிதர்களும் அப்படித்தானே? என் மைத்துனர் இருபது வருஷமாக என் தங்கையின் பேச்சைத் தாங்குகிறார். ஒரு தந்தி வந்தால் போதும், பிரிப்பதற்கு முன்பே நாற்காலியைத் தேடுவார்.

“வெறும் மண்சுவருக்கே நாங்க வைக்கோலை வெட்டிப் போட்டுக் குழைக்கோம். நீரு ஒண்ணுமே போடலையே!” என்று சொல்லிவிட்டுப் பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆறுமுகத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சியோ திரும்பிக் கிடங்கைப் பார்த்தார். கூரை முட்டத் தும்பு! “ஒரு மாசம் பொறுங்க” என்றார்.

தும்பை விரல் நீளத்துக்கு நறுக்கி, கலவையில் போட்டுக் கிண்டி, புதுக் கூரை வார்த்தார்கள். கான்கிரீட் இறுகத் தினமும் தண்ணீர் ஊற்றியது ஆறுமுகம். பூச்செடிக்குக்கூட யாரும் அவ்வளவு ஆசையாக ஊற்றி நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு பரீட்சை. நங்கூரம் மேலே ஏறியது. கயிற்றின் மறுமுனையில் கிடங்கு ஆட்கள் நான்கு பேர். (நான் பிடிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வக்கீல்கள் கவனிக்க!)

அப்போது பெண்ணின் அப்பா, “எம் மக இதுக்குக் கீழதான் உக்காரப் போறா. உங்கள்ல ஒருத்தராவது உக்காருவீயளா?” என்று கேட்டார்.

பதில் எதிர்பார்க்காத கேள்வி. நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தோம். நான் கடலைப் பார்த்தேன். திரும்பினால் — ஆறுமுகத்தைக் காணோம்!

“விடுங்கலே!” பள்ளத்துக்குள்ளிருந்து சத்தம்.

“ஏலே கிறுக்குப் பயலே, வெளிய வாலே!” அண்ணாச்சி அலறினார். “கயித்தை விட்றாதீங்கலே! விட்றாதீங்க!”

நால்வரும் பிடித்தார்கள். எவ்வளவு நேரம்தான் பிடிப்பார்கள்? ஒருவன் கைக்கு வேர்த்தது. “அண்ணாச்சி... நழுவு...” என்பதற்குள் நழுவிவிட்டது.

அந்தச் சத்தத்தை எழுதத் தமிழில் எழுத்து போதாது. புழுதி. பிறகு ஓர் அமைதி... வாசகர்களே, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

புழுதிக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு உருவம் எழுந்து வந்து தும்மியது. அண்ணாச்சி அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் அதே கையால் முதுகில் நான்கு வைத்தார்.

கூரை? மேலே குறுக்கும் நெடுக்குமாக விரிசல். நடுவில் ஒரு பள்ளம். ஆனால் ஒரு சில்லுகூடக் கீழே விழவில்லை. பெயர்ந்ததெல்லாம் தும்பைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. பெண்ணின் அப்பா உள்ளே குனிந்து, தொங்கியதை இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“கூரை பாஸ்” என்றார்.

அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

“மாப்பிள்ளைதான் பெயில். நங்கூரத்துக்குக் கீழ போய் உக்காருத கிறுக்கனுக்கா எம் மகளைக் குடுப்பேன்?”

சொல்லிவிட்டு, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். ஆறுமுகத்துக்குக் காது அடைத்திருந்ததால் தீர்ப்பே கேட்கவில்லை. பாவம், நல்லது நடந்துவிட்டது என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அந்தச் சிரிப்பை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அதே பெண்ணின் அப்பா, கையில் ஒரு வாழைத்தாருடன் வந்து நின்றார். முகம் மட்டும் வழக்கில் தோற்றவர் முகம்.

“வீட்ல நடந்ததைச் சொன்னேன்வே. ‘அம்புட்டுப் பேர் நின்னியளே, நீங்க கேட்டதும் உள்ள போனது யாரு?’ங்கா எம் மக. அந்தக் கிறுக்கன் மட்டுந்தான்னேன். ‘அப்ப எனக்கு அவரு போதும்’னுட்டா.”

ஆவணியில் கல்யாணம், பெண் வீட்டில். நானும் போகிறேன் — பந்தல் வெறும் தென்னங்கீற்றுதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு!