அக்கரைக்குப் போன மண்

மேட்டூர் அணை எழும்பாத காலம். ஆடி வெள்ளத்தில் காவிரி பரமத்தி வேலூர்க் கரையை அறுத்து, என் வெற்றிலைக் கொடிக்காலில் பாதியை விழுங்கிவிட்டது. வெள்ளம் வடிந்ததும் பார்த்தால், எதிர்க்கரையில் புதிதாக ஒரு மண்திட்டு. அதில் எவனோ ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பரிசலேறிப் போனேன். சேற்றில் ஓர் அகத்தி மரம் சாய்ந்து கிடந்தது. அதில் வெற்றிலைக்கொடியைக் கட்டியிருந்த வாழைநார் முடிச்சு நான் போட்டது.

"இது எம்மண்ணு. ஏரை அவுத்துக்கிட்டுப் போடா!" என்றேன்.

அவன் மாட்டை நிறுத்தவே இல்லை. "ஏனுங்க, உங்க கொடிக்காலுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டான்.

"அக்கரையான் படுகை" என்றேன். சொல்லும்போதே நாக்கு தடுமாறியது. பிறந்தது முதல் சொல்லிவந்த பெயர். ஏன் அந்தப் பெயர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அந்த அக்கரையான் எங்க பாட்டனுங்க. அன்னிக்கு ஆறு எங்க மண்ணை அறுத்து உங்க பக்கம் போட்டுச்சு. அவரு கேக்க வந்தப்ப, உங்காளுக பரிசலைக் கவுத்து உட்டாங்க. நான் உங்களை அப்படிச் செய்யலீங்க. போங்க."

பரிசலேறித் திரும்பினேன். மனம் ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய். அணை எழும்பும்வரை ஒவ்வொரு வெள்ளத்திலும் ஊரார் தங்கள் கரையைப் பார்த்துப் பதறுவார்கள். நான் அவன் கரை எப்போது சரியும் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். எதிரே அவனும் என் கரையைப் பார்த்தபடி நிற்பான்.