ஏழு பேர் ஒப்பமிட்ட ஆதரவுக் கடிதம்

யேர்மனியின் எர்லாங்கன் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் ஒரு யேர்மன் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஐந்து அறைகள் தருவார்கள். ஆறாவது அறையில் உக்ரைன் பிள்ளைகள் தங்கள் மொழியைப் படிக்கிறார்கள். வாரநாட்களில் மின்சுற்றுகளைச் சோதிப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் நாலாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாவது அறையை நடத்துபவர் பல்கலைக்கழகத்தில் உக்ரைன் மொழியும் இலக்கியமும் கற்பிக்கும் விரிவுரையாளர். இடைவேளையில் நடைபாதையில் நின்று தேநீர் குடித்தபடி இருவரும் யேர்மன் மொழியில் பேசிக்கொள்வோம்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர் தேநீரைத் தொடவில்லை. அவருடைய பதவி ஓர் அறக்கட்டளையின் நிதியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிதி வசந்தத்தோடு முடிகிறது. புதிதாக மூன்று வருட நிதிக்கு விண்ணப்பிக்கிறார். இங்கே வளரும் பிள்ளைகளின் வாயில் உக்ரைன் மொழி என்ன ஆகிறது என்பது ஆய்வு. அதோடு பல்கலைக்கழக வகுப்புகளும் தொடரும். கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் உக்ரைன் கற்பிக்க ஆளில்லை. அவரும் வேறு நகரம் தேட வேண்டும்.

"இருபத்திமூன்று இணைப்புகள் கேட்கிறார்கள், இருபத்திரண்டு தயார்" என்றார். மிச்சமிருந்தது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள ஒரு கூட்டாளி அமைப்பின் ஆதரவுக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும்.

"உங்கள் பள்ளி தருமா?"

"தரும்" என்றேன். யாரிடமும் கேட்காமல் சொன்னேன். வரைவு இருபது நிமிடம், ஒப்பம் பத்து, வருடி எடுப்பது ஐந்து என்று மனதுக்குள் கணக்கும் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரைவோடு தலைவர் வீட்டுக்குப் போனேன். தபால் பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்பவர் அவர். எங்கள் எல்லோருக்கும் அண்ணை. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது கடிதமோ, நிரப்பிக் குடுக்கிற போமோ?"

"கடிதம்தான் அண்ணை."

"'பயன்மிக்க ஒத்துழைப்பு' எண்டு போட்டிருக்கிறாய். அவை எங்களிட்டை வந்து கேட்டது கரும்பலகையிலை எழுதச் சோக்குக் கட்டி. பொய்க்கு நான் ஒப்பம் வைக்கமாட்டன். நானே எழுதுறன், செவ்வாய் வா."

செவ்வாய்க்கிழமை நாலு பக்கம் கையில் தந்தார், தமிழில். முதல் முற்றுப்புள்ளி இரண்டாம் பக்கத்தில் வந்தது. உக்ரைன் மூன்றாம் பக்கத்தில் வந்தது. ஆனால் அடைமொழிகள் தீர்ந்துபோன நாலாம் பக்கத்தில் வெறும் விவரங்கள் இருந்தன. சோக்குக் கட்டி கைமாறியது. படியெடுக்கும் இயந்திரம் பழுதானபோது இரு பள்ளிகளும் ஒன்றையே பாவித்தன. விரிவுரையாளரின் மாணவர்கள் மூன்று சனிக்கிழமை எங்கள் வகுப்புகளில் கடைசி வாங்கில் அமர்ந்து, நம் பிள்ளைகள் எப்போது யேர்மனுக்குத் தாவுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். சண்டை பிடிக்கும்போது யேர்மன், பசிக்கும்போது தமிழ் என்று அண்ணை எழுதியிருந்தார். என் வரைவில் இப்படி ஒரு வரிகூட இல்லை.

முதல் மூன்று பக்கங்களையும் எடுத்துவிட்டு நாலாவதை மட்டும் யேர்மனில் எழுதினேன்.

"தலையை வெட்டிப்போட்டு உடம்பை அனுப்புறாய்" என்றார் அண்ணை. ஆனாலும் ஒப்பமிடச் சம்மதித்தார்.

அவர் ஒப்பம் மட்டும் போதாது. முன்பொருமுறை ஒருவர் தனியாகக் கடிதம் எழுதி அனுப்பி, பள்ளியே இரண்டாகப் பிளக்கப் பார்த்ததால், வெளியே போகும் எந்தக் கடிதத்திலும் நிர்வாகக் குழுவின் ஏழு பேரும் ஒப்பமிட வேண்டும் என்று விதி. ஐந்து பேர் சிக்கலில்லை. செயலாளர் அக்கா கையைக் கட்டிக்கொண்டார். கலைவிழாவில் அவருடைய நன்றியுரை நடக்கும்போதே அண்ணை மைக்கை நிற்பாட்டிவிட்டார். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

"அவருக்குக் கீழை நான் வைக்க ஏலாது."

"அப்ப மேலை வையுங்கோ அக்கா."

"மேலை வைச்சா, முந்திக்கொண்டு வைச்சிட்டாள் எண்டு சொல்லுவார்."

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடம் வலம் வரும். ஆகவே வேலையில் பாவிக்கும் வரைபட மென்பொருளைத் திறந்து, கடிதத்தின் அடியில் ஒரு வட்டம் போட்டு, ஏழு பேருக்கும் சம இடைவெளியில் இடம் ஒதுக்கினேன். வியாழன் மாலை அதை அக்காவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வட்டம் சரி. உச்சியிலை ஆர்?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. அந்த இடத்திலேயே கணினியைத் திறந்து, உச்சியைப் பள்ளி முத்திரைக்குக் கொடுத்தேன். ஏழு எட்டானது, ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தைந்து பாகை. முன்னையதைவிட நல்ல எண். அக்கா வீட்டிலேயே அச்சிட்டு நீட்டினேன்.

"முத்திரையோடை எனக்கு ஒரு கோபமும் இல்லை" என்று சொல்லி அக்கா பேனையை எடுத்தார். மற்ற ஒப்பங்களையும் அன்றிரவே வீடு வீடாகப் போய் வாங்கினேன்.

வெள்ளி காலை விரிவுரையாளரின் அறையில் விண்ணப்பத்தைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தேன். கூட்டாளி அமைப்பின் தலைவர் பெயர் என்ற கட்டத்தில் 'திரு. அண்ணை' என்றிருந்தது.

"எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்!" என்றார் அவர்.

திருத்தினோம். பதினொன்று நாற்பதுக்கு இருபத்திமூன்றாவது இணைப்பும் ஏறியது.

குளிர்காலத்தில் நேர்காணல் நடந்தது. ஆய்வு முறையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதானாம். மீதி நேரமெல்லாம் சண்டைக்கு ஏன் யேர்மன் என்பதும், உக்ரைன் பிள்ளைகளும் அப்படித்தானா என்பதும். "அதைக் கண்டுபிடிக்கத்தான் நிதி கேட்கிறேன்" என்று சொன்னாராம். அந்த வட்டம் தமிழ்ச் சம்பிரதாயமா என்று ஒருவர் கேட்டதற்கு, ஆம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். நான் மறுக்கவில்லை.

முடிவு வந்த சனிக்கிழமை நடைபாதையில் நானும் செயலாளர் அக்காவும் நின்றோம். கேட்டது மூன்று வருடம், தந்தது இரண்டு. வகுப்புகள் நடக்கும், ஆய்வும் நடக்கும். சொல்லி முடித்து விரிவுரையாளர் சுவரில் சாய்ந்துகொண்டார். கிடைக்காது என்று எண்ணித் தன் வாடகை வீட்டைக் காலி செய்வதாக முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாராம். வீட்டுக்காரரும் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். இந்த ஊரில் இனி ஒரு வீடு கிடைப்பது நிதி கிடைப்பதைவிடக் கடினம்.

அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"எங்கடை மேல்மாடி அறை சும்மாதான் கிடக்கு. வந்து பாக்கச் சொல்லு. மீன் பொரிச்சா மணம் நேரை மேலைதான் போகும், அதையும் சொல்லு. பிறகு குறை சொல்லக்கூடாது."

இரண்டையும் வரிசையாக மொழிபெயர்த்தேன். விரிவுரையாளர் யோசித்தார்.

"எந்தெந்த நாட்களில் பொரிப்பார்?"

அக்கா விரல்விட்டு எண்ணினார். "புதனும் ஞாயிறும். வெள்ளி நாங்கள் மரக்கறி."

"அப்படியென்றால் புதன்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றார் விரிவுரையாளர். "சாப்பாட்டு நேரத்துக்கு."