கம்ப்ரசர் இல்லாத பாட்டு

என் கணவர் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பிவிட்டால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் போர்வெல் போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போவார்கள். மழைக்காலத்தில்தான் வீட்டுக்கு வருவார். பாட்டுக் கட்டுகிற பழக்கம் அவருக்கு அங்கே போன பிறகு வந்தது. சாயங்காலம் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, தான் கட்டிய பாட்டைப் போனில் பாடி எனக்கு அனுப்புவார். பின்னால் ரிக்கின் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருக்கும். அதற்கு மேலே அவர் குரல் ஏறி நிற்கும். பாட்டு முடிந்ததும் அதே மூச்சில், "சாப்பிட்டயா சாமி?" என்பார். எங்கள் பக்கத்தில் பிரியமாகக் கூப்பிடுவது அப்படித்தான். அதோடு பதிவு நின்றுவிடும்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். மெஷினுக்குப் பக்கத்தில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டே தைப்பேன். துணி கொடுக்க வந்த பெண்கள், "அக்கா, எனக்கும் அனுப்பி உடுங்க" என்றார்கள். அவர்களில் பாதிப்பேரின் வீட்டுக்காரர்களும் ரிக்கில் இருந்தார்கள். அனுப்பினேன். அங்கிருந்து அது எங்கெங்கோ போய்விட்டது. லாரி பட்டறையில் போட்டார்கள், கல்யாண மண்டபத்தில் போட்டார்கள். ஒருநாள் மினி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஸ்பீக்கரில், "சாப்பிட்டயா சாமி?" என்று கேட்டது. பஸ்ஸே சிரித்தது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கோயமுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெண் இந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிவு செய்து ஆல்பமாகப் போடலாம் என்றார். அந்த மழைக்காலத்தில் இருவரும் போனோம்.

ஸ்டூடியோ கதவைச் சாத்தியதும் காது அடைத்ததுபோல் இருந்தது. அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. இவர் மைக் முன்னால் நின்று வழக்கம்போல் அடித்தொண்டையிலிருந்து எடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணா, இங்க மெதுவாப் பாடினாலே கேட்கும்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு பாடினார். எங்கள் மகளைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கும்போது மட்டும் வருகிற குரல் அது. அதை வெளியாட்கள் முன்னால் அவர் எடுத்து நான் கேட்டதே இல்லை.

ஆல்பம் வெளியே வந்தது. பழைய பாட்டுகள்தான். ஆனால் வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்திருந்தன. கம்ப்ரசர் இல்லை. கடைசிக் கேள்வியும் இல்லை.

அதன்பிறகு ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம். இவரிடம் சொல்லத் தயங்கியவர்கள் எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் தங்கை போன் செய்து, "நல்லாத்தான் இருக்குதுக்கா. ஆனா மாமா பாடுன மாதிரி இல்ல. டிவியில யாரோ பாடுற மாதிரி இருக்குது" என்றாள். அவள் பக்கத்து வீட்டுக்காரம்மா சர்ச் பாடற்குழுவில் இருப்பவர். அவர் போனை வாங்கி, "அவ கெடக்கறா, இப்பதான் சுருதி சேர்ந்திருக்குன்னு உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க" என்றார். கூட வேலை பார்க்கும் பையன்கள் மட்டும் இவரிடமே, "இதுக்கு ஆட முடியலைங்கண்ணா" என்று குறைப்பட்டார்கள். யாரோ ஒருவர் இணையத்தில், மண்வாசனை போய்விட்டது என்று எழுதியிருந்தார். இவர் கட்டிலில் படுத்தபடி அதை வாசித்துவிட்டு, "மண்வாசனையா? அது டீசல் வாசமல்ல?" என்று சிரித்தார்.

என்னிடம் துணி தைக்கிற ஒரு வயதான அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அளவு கொடுத்துக்கொண்டே, "எல்லாம் சரி சாமி. கடைசீல சாப்பிட்டயான்னு ஏங் கேக்கல?" என்றார்.

"அது எனக்குன்னு கேட்டதுங்க. ஆல்பத்துல எப்புடிங்க வெக்கறது?"

"உனக்கா? எனக்குன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன். என்னைய வேற யாரு கேக்கறா?"

அவரை அன்றைக்குச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன்.

அதை இவரிடம் சொன்னபோது முகம் வாடிப்போனது. சொன்னார்: "எல்லாரும் பழைய கொரல் போச்சுங்கறாங்க. மிசினு எரையறதுக்கு மேல உனக்குக் கேக்கோணும்னுதான நான் கத்துனேன்? கத்திப் பாடோணும்னு எனக்கென்ன ஆசையா? உள்ளுக்குள்ள பாட்டு இப்புடித்தான் ஓடுச்சு." பிறகு நேராகக் கேட்டார். "உனக்கு எப்புடி இருக்குது? நீ ஒண்ணுமே சொல்லலையே."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குப் பழசுதானுங்க புடிக்குது. அது எனக்குப் பாடுனது. இது எல்லாருக்கும் பாடுனது."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "செரி, நீ அதையே கேளு. நான் இதைக் கேட்டுக்கறேன்" என்று சொல்லி என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

எங்களோடுதான் என் மாமனாரும் இருக்கிறார். மகன் பாடுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஒருநாள் காலையில் இவர் டவுனுக்குப் போயிருந்தார். மாமனார் என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஆல்பத்தைப் போட்டிருந்தேன். கல்யாண வீடுகளில் பையன்கள் குதித்துக் குதித்து ஆடிய அந்தப் பாட்டு வந்தது.

எட்டூருல தண்ணியெடுத்த கையி
எங்கப்பங் காட்டுல புழுதியெடுத்துச்சே

பழைய பதிவில் முதல் வரிதான் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது வரியைக் கம்ப்ரசர் விழுங்கியிருந்தது. எனக்கே அதில் சரியாகக் கேட்டதில்லை.

மாமனாரின் கை நின்றது. "அதைத் திருப்பிப் போடு சாமி."

போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்ற காட்டைத்தான சொல்றான்?"

"அப்புடித்தானுங்க மாமா இருக்கோணும்."

எங்கள் கல்யாணத்துக்கு முன்பு இவர் ரிக் வண்டியைக் கொண்டுவந்து அப்பா பயிர் செய்கிற காட்டிலேயே போர் போட்டிருக்கிறார். கடைசி வரைக்கும் தண்ணீர் இல்லை, வெள்ளைப் புழுதிதான் வந்ததாம். காடு இன்றும் வானம் பார்த்துத்தான் கிடக்கிறது. அதைப் பற்றி அப்பாவும் மகனும் பேசிக்கொண்டு நான் கேட்டதே இல்லை.

மத்தியானம் இவர் வந்தார். இருவருக்கும் சோறு போட்டேன். மாமனார் தட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு இந்த எடத்துல போடுன்னு காட்டுனது நானு."

இவர் நிமிர்ந்தார். "எதைச் சொல்றீங்கப்பா?"

"போரைத்தான். நீ கெழக்கால போடலாம்னு சொன்ன. நாந்தான் கேக்கல. அப்பறம் எதுக்கு உன்ற கையிமேல பழியப் போட்டுப் பாடி வெச்சிருக்கற?"

இவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அதெல்லாம் இப்ப எதுக்குங்கப்பா."

"மாத்தோணுமல்ல? கையி என்ன பண்ணும்? என்ற வாயின்னு பாடு."

"ரெக்கார்டு பண்ணியாச்சுங்கப்பா. இனி மாத்த முடியாது."

"மாத்த முடியாத எடத்துக்கு எதுக்குப் போயிப் பாடுன?"

இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது புறங்கையால் கண்ணைத் துடைத்தார். மாமனார் அதைப் பார்க்காதவர்போல் என் பக்கம் திரும்பி, "மோரு ஊத்து சாமி" என்றார். ஊற்றினேன். குடித்து முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "பிடிலு நல்லா இருக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் மாமனார் தன் போனை என்னிடம் நீட்டி, அந்தப் பாட்டை அதில் ஏற்றித் தரச் சொன்னார். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். சாயங்காலம் நான் காட்டுப் பக்கம் போனபோது, வரப்பில் பக்கத்துக் காட்டுக்காரரை நிறுத்திவைத்துப் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னுங்க இது, சத்தமே பத்தலையே" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர்.

"காதைக் கிட்ட வெச்சுக் கேளப்பா" என்று மாமனார் போனை அவர் காதோடு சேர்த்துப் பிடித்தார்.