கதவில் விழுந்த கை

அந்த முடிதிருத்துபவருக்குக் கண்ணைவிடக் கையில்தான் நம்பிக்கை. சவரம் முடிந்ததும் உள்ளங்கையால் கன்னத்தை ஒரு தடவு தடவிப் பார்க்காமல் யாரையும் நாற்காலியை விட்டு எழ விடமாட்டார்.

அப்பேர்ப்பட்டவர், அக்காள் புருஷனிடம் இரவல் வாங்கிய காரைத் தன் வீட்டு வாசல் தூணிலேயே கொண்டுபோய் இடித்தார். பின்கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பள்ளம். "அவன் கையில கொடுத்தா உருப்படாது" என்று முரண்டு பிடித்த அத்தானிடம் மல்லுக்கு நின்று அக்காள் வாங்கிக் கொடுத்த சாவி அது. வெளியூர் போயிருந்த அத்தான் ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறார். தன் மானம் போனால் போகட்டும், அக்காள் தலை குனியக் கூடாது. அதுதான் மனுஷனைக் குடைந்தது.

"ஒர்க் ஷாப்புல விடுங்களேன்" என்றாள் மனைவி.

"விட்டா ஊருக்கே தெரிஞ்சிடும். நானே பாத்துக்கறேன்."

"ஆமா, மீசை ஒதுக்குற மாதிரிதானே!"

அவள் சிரித்தாலும் வேலை சுத்தமாகவே நடந்தது. கதவின் உள்பலகையைக் கழற்றி, உள்ளிருந்து ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பள்ளத்தை வெளியே எடுத்தார். பெயிண்டைச் சுரண்டி, பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். மொழுமொழுவென்று வந்தது. தின்னர் போட்டுத் துடைத்து, சுற்றிலும் செய்தித்தாள் ஒட்டினார். ஞாயிறு காலை, பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் பிரைமர் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிக் கையில் எடுத்தவர், பழக்க தோஷம், கடைசியாக ஒரு தடவு தடவினார். அதற்குப் பிறகே அடித்தார்.

சாம்பல் நிறம் படர்ந்தது. படர்ந்த வேகத்தில் நடுவே சின்னச் சின்னக் குழிகளாக விலகி நின்றது. பார்த்தால், ஐந்து விரலோடு முழு உள்ளங்கை! வருஷக்கணக்கில் தலைகளுக்கு எண்ணெய் தேய்த்த கை. எண்ணெய் இருந்த இடத்தில் பிரைமர் பிடிக்கவே இல்லை.

அவர் திகைத்து நிற்கும்போதே கேட்டைத் திறந்துகொண்டு அத்தான் வந்தார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம், காரை எடுத்துப்போக வந்தாராம்.

ஒளிக்க வழியில்லை. "நான்தான் இடிச்சேன் அத்தான். அக்காவ ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அத்தான் குனிந்து அந்த விரல்களையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பள்ளத்த இப்படி எடுத்திருக்கியே, ஒர்க் ஷாப்புக்காரன் கூட எடுக்கமாட்டான் மாப்ளே! தொடாம இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது. உங்கக்காகிட்ட நான் வாயே திறக்கல, போதுமா?"

இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காய்ந்ததும் மறுபடி தேய்த்து, மறுபடி துடைத்தார்கள். "நீ கையக் கட்டிக்கிட்டு நில்லு" என்று அத்தானே டப்பாவை வாங்கி அடித்தார். இம்முறை ஒரு குழிகூட இல்லை.

காயும் நேரத்தில் அத்தான் முற்றத்திலேயே நாற்காலி போட்டுச் சவரத்துக்கு உட்கார்ந்தார். மழித்து முடிந்தது. வழக்கம்போல் கன்னத்துக்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. காலையில் பட்டது போதாதா?

கண்ணை மூடியிருந்த அத்தான் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

"என்ன மாப்ளே, தடவிப் பாக்கலியா?"