மச்சான் கேட்காமல் விட்ட மூன்றாவது ஆள்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் மகள் யாழினி காரில் ஏற மாட்டேன் என்கிறாள். பள்ளிக்கூட வேன் வந்தால்கூட, குனிந்து சக்கரத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.

பிள்ளைகளே, வாராவாரம் இந்த இடத்தில் உங்களைச் சிரிக்க வைக்கத்தான் பார்ப்பேன். இந்த வாரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிறவர் என் மச்சான், அதாவது யாழினியின் தாய்மாமன். போன வருடம் ஒரு பழைய கார் வாங்கினார். பழையது என்று அவரிடம் சொல்லிவிட முடியாது. தினமும் அதைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி கேட்பார்: “என்னையக் கட்டிக்கிட்டீங்களா, இதையக் கட்டிக்கிட்டீங்களா?”

அன்று ஆத்தூரில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. மச்சான், நான், யாழினி மூவரும் அந்தக் காரில் போனோம். மல்லியகரை தாண்டியதும் ஒரு மரவள்ளிக் காட்டிலிருந்து மொபெட் ஒன்று சட்டென்று ரோட்டில் ஏறியது. மச்சான் பிரேக்கில் ஏறி நின்றார். கார் நின்றேவிட்டது — கிட்டத்தட்ட. பம்பர் அந்த மொபெட்டின் பின்சக்கரத்தைத் தொட்டது. தொட்டது, அவ்வளவுதான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

ஆனால் மொபெட்டில் வந்தவர் ரோட்டோரக் கல்மேல் விழுந்து கிடந்தார். அசையவில்லை.

மச்சான் இறங்கினார். முதலில் குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தார். பழக்கதோஷம்.

“மாப்ளே, வண்டிக்கு ஒண்ணும் ஆகலைங்க.”

“வண்டி கெடக்குதுங்க மச்சான்! ஆளைப் பாருங்க!”

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மனிதரின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே மண்டியிட்டிருந்தேன். சின்ன வயசு. சட்டையில் மாவு படிந்திருந்தது. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் மூட்டை தூக்குகிறவர் என்று கூடியவர்கள் சொன்னார்கள். காருக்குள் யாழினி அழக்கூட இல்லை. கண்ணாடியில் முகத்தை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆத்தூர் ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். காரில் பின்னாலேயே போன நாங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். போலீஸ்காரர் ஒருவர் வந்து மச்சானைத் தனியாக அழைத்து இன்சூரன்ஸ் பேப்பர் கேட்டார். திரும்பி வந்தபோது மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை.

“மாப்ளே, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சுங்க. பொரட்டாசியிலயே.”

“மறுபடியும் போடலீங்களா?”

“பூக்கேட்டனுங்களே!”

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி முன்னால் போடுவோம். மனதில் ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் நல்லது. பெண் பார்ப்பதற்குக் கேட்பார்கள், போர்க் கிணறு போடுவதற்குக் கேட்பார்கள். மச்சான் கார் இன்சூரன்ஸுக்குக் கேட்டிருக்கிறார்!

“ஏஜெண்டுப் பையன் போன் பண்ணி, தேர்ட் பார்ட்டிங்களா, ஓன் டேமேஜுங்களா, ஃபுல்லுங்களான்னு அடுக்கிட்டான். எனக்குத் தலை சுத்திருச்சுங்க. தையில கெழங்கு வெட்டட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு கோயிலுக்குப் போனேன். ‘ஆத்தா, தை வரைக்கும் இந்த வண்டிக்கு ஏதாச்சும் ஆகுமா’ன்னு கேட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு வெள்ளையே வந்துச்சுங்க.”

“யாரை விட்டு எடுத்தீங்க?”

மச்சான் யாழினியைப் பார்த்தார். என் பக்கத்திலிருந்து சின்னக் குரல் ஒன்று கேட்டது.

“நாந்தானுங்கப்பா எடுத்தேன்.”

விடுமுறைக்கு மாமன் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்திருக்கிறது. எட்டு வயதுக் குழந்தை. அவள் கை சில்லென்று இருந்தது. எனக்கு அதுவரை ஒரு பயம்தான் இருந்தது... உள்ளே இருக்கிறவர் பிழைக்க வேண்டுமே என்று. இப்போது இரண்டாவது பயமும் சேர்ந்துகொண்டது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்தக் குழந்தை தன் கையைப் பார்த்துப் பார்த்தே வளருமே?

பேச ஆரம்பித்தேன். பேசாமல் இருந்தால் அந்தக் கதவையே பார்க்க வேண்டியிருந்தது. பத்தாவதோடு நின்றவன் நான். லாரி ஓட்டிய காலத்தில் தெரிந்துகொண்டதை யாழினியிடம் சொன்னேன்.

“இன்சூரன்ஸுல மூணு பேரு இருக்காங்க, சாமி. மொத ஆளு வண்டிக்காரரு. ரெண்டாவது ஆளு கம்பெனி. மூணாவது ஆளு, நம்ம வண்டியால அடிபடறவரு. அவரு யாருன்னு முன்னாடியே யாருக்கும் தெரியாது. அவருக்காகப் போடறதுதான் தேர்ட் பார்ட்டி. அதில்லாம வண்டியை ரோட்டுல எறக்கவே கூடாது. சட்டம்.”

“அப்ப உள்ள படுத்திருக்கற அண்ணன்தான் மூணாவது ஆளுங்களா?”

“ஆமா, சாமி.”

“மாமாவோட கார்?”

“அதுக்குத்தான் ஓன் டேமேஜ். நம்ம கார் நசுங்குனா, திருடு போனா, தீப்புடிச்சா, வெள்ளத்துல மாட்டுனா. அது அவங்கவங்க விருப்பம். ரெண்டையும் சேத்துப் போட்டா ஃபுல் இன்சூரன்ஸுங்கறோம்.”

“ஃபுல்லுன்னா எல்லாத்துக்குமேங்களா?”

பெரியவர்களே வழுக்கி விழுகிற இடம் இது, பிள்ளைகளே! ஃபுல் என்று பெயர்தான். குடித்துவிட்டு ஓட்டினாலோ, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினாலோ, சொந்தக் காரை வாடகைக்கு விட்டாலோ கம்பெனி கையை விரித்துவிடும். தண்ணீர் புகுந்த இன்ஜினைக் கிளப்பிக் கெடுத்தால், அதற்கென்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. காரின் சொந்தக்காரர் தானே ஓட்டிப் போய் உயிரையோ கை காலையோ இழந்தால், அதற்கும் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு இருக்கிறது. உங்கள் அப்பாவிடம் அது இருக்கிறதா?

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண் ஓடிவந்தார். இடுப்பில் கைக்குழந்தை. அடிபட்டவரின் மனைவி செல்வி.

“கார்காரங்க யாரு?”

மச்சான் எழுந்து நின்றார். செல்வி அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

“ஆலையில சொன்னாங்கண்ணா, காருன்னா இன்சூரன்ஸ் இருக்கும், பயப்படாம போன்னு. அந்தத் தைரியத்துலதான் வந்தேன். இருக்குதுல்ல?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். யாழினி மாமாவையே பார்த்தாள்.

“இல்லைங்க அம்மிணி.”

செல்வி ஜன்னல் வழியே வாசலில் நின்ற காரைப் பார்த்தார். பம்பரிலிருந்து கண்ணாடி வரை நிதானமாகப் பார்த்தார்.

“வண்டி நல்லாத்தான் இருக்குது” என்றார்.

அந்த மூன்று சொல்லுக்கு மச்சான் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் டாக்டர் வந்து சொன்னார். தலையில் ஆபத்து இல்லை, நினைவு வந்துவிட்டது. தொடை எலும்புதான் முறிந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும். மாதக் கணக்கில் மூட்டை தூக்க முடியாது. செல்வி குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்து அழுதார். நானும் அழுதேன். வெட்கம் என்ன இருக்கிறது?

ஆபரேஷனுக்கும் அந்தக் குடும்பம் சாப்பிடுவதற்கும் மச்சான் பொறுப்பேற்றிருக்கிறார். கேஸ் தனியாக நடக்கும். காரை விற்கப் போகிறார். ஒரு கீறல்கூட இல்லாத கார் அல்லவா, நல்ல விலைக்குப் போகும் என்கிறார்கள்!

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் யாழினி கேட்டாள். “பூ பொய் சொல்லிருச்சுங்களாப்பா?”

“இல்ல சாமி. வண்டிக்கு ஏதாச்சும் ஆகுமான்னுதான மாமா கேட்டாரு? வண்டிக்கு ஒண்ணுமே ஆகலையே. ஆளைப் பத்தி அவரு கேக்கவே இல்ல. அதுக்கு நீ என்ன பண்ணுவ, பூ என்ன பண்ணும்?”

யாழினி என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். அவள் கை சூடாகிவிட்டதா என்று ஊர் வந்து சேரும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நேற்று வேன் டிரைவரிடம் கேட்டாளாம்: “அண்ணா, மூணாவது ஆளுக்குப் போட்டிருக்கீங்களா?” அவர் முதலில் சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, டேஷ்போர்டைத் திறந்து தேடினாராம்.

இன்றைக்கு அப்பா வேலை முடிந்து வந்ததும் நீங்களும் கேளுங்கள். திட்டினால், என் பெயரைச் சொல்லிவிடுங்கள்!