கனமான பந்து

எங்கள் பக்கம் டென்னிஸ் பந்து என்று கேட்டால் கிரிக்கெட் ஆடுகிற பந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் நடக்கும் கிரிக்கெட் போட்டிகளுக்கென்றே அதில் கனமான ரகம் ஒன்று உண்டு: தடித்த ரப்பர், குறைந்த துள்ளல். சின்ன வயதில் நான் டென்னிஸ் ஆட ஆசைப்பட்டபோது, திண்டிவனம் கடையில் அப்பா எனக்காக வாங்கியது அதைத்தான். பெட்டிமேல் டென்னிஸ் என்றுதான் அச்சடித்திருந்தது. மயிலத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற அவருக்கு அதைச் சந்தேகப்படக் காரணம் இல்லை.

எனக்கும் இல்லை. பள்ளிக்கூடச் சுவர், விழுப்புரத்தில் ஒரு கிளப்பில் யாரும் ஆடாத நேரத்துச் சிமெண்ட் தரை, செல்போனில் வீடியோக்கள். இவைதான் என் பயிற்சி. வீடியோவில் பந்து இடுப்புக்கு மேல் எழும்பும். எனக்கு முட்டியோடு நின்றுவிடும். என் அடியில் பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தேன்.

திண்டிவனத்தில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்ததும், அணித் தேர்வுக்கு என் பந்துகளோடு போனேன். பிறகு என் இரட்டையர் ஜோடியாக ஆனவள் மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். அவள் ஒரு பந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கருங்கல்லு மாதிரி கீது? இத்த வச்சா ஆடிக்கினு இருந்த?"

"டென்னிஸ் பால்தான்."

"இது கிரிக்கெட் பால்டி. யார் மண்டையிலனா பட்டா ஆஸ்பத்திரிதான்."

அவள் தன்னிடமிருந்த டப்பாவைத் திறந்து ஒன்றைத் தந்தாள். நிஜமான டென்னிஸ் பந்தை நான் அடித்தது அன்றுதான். அது வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அவள் சிரித்து முடிக்க வெகுநேரமானது.

அந்த வேகத்தைக் கோட்டுக்குள் அடக்கச் சில மாதங்கள் பிடித்தன. பிறகு கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களில் என் சர்வீஸைத் திருப்பி எடுக்க ஆளில்லை. தெரியாமல் செய்த தவறு, தெரிந்தே செய்கிற முறையாக மாறியது அப்போதுதான். போட்டிக்கு நிஜப் பந்து, பயிற்சிக்குக் கனமான பந்து. அவர் வாங்கித் தந்தது கிரிக்கெட் பந்து என்று சொன்னபோது அப்பா வருத்தப்படவே இல்லை.

"சேத்துல ஏர் இழுத்து பழகுன மாட்டுக்கு ரோட்டுல வண்டி இழுக்கிறது ஒரு வேலையாம்மா? அந்தப் பாலயே அடிச்சிக்கினு இரு."

"பெத்த பொண்ண மாட்டோட சேக்கிறாரு பாரு," என்றார் அம்மா. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் புதிய பெட்டி ஒன்று இருந்தது.

படிப்பு முடிந்ததும், கிடைத்திருந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, தொழில்முறைப் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தேன். மிகக் கீழ்நிலைப் போட்டிகள்தான். தகுதிச் சுற்றைத் தாண்டி, முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்தால் உலகத் தரவரிசைக்கான முதல் புள்ளி கிடைக்கும். எனக்கு அந்த ஒரு புள்ளி வேண்டியிருந்தது.

அதற்குள் முழங்கை வலிக்கத் தொடங்கியிருந்தது. பல் தேய்க்கும்போது வலி, குடத்தைத் தூக்கும்போது வலி, தலை வாரும்போது வலி. ஆடும்போது மட்டும் உடம்பு சூடேறியதும் குறைந்துவிடும். குறைகிறது என்பதால் பெரிதல்ல என்று முடிவு செய்தேன்.

நான்கைந்து ஊர்களில் தோற்ற பிறகு ஒரு போட்டியில் தகுதிச் சுற்றைத் தாண்டினேன். முதன்மைச் சுற்றில் முதல் செட்டும் எனக்கே. இரண்டாவது செட்டின் நடுவில், சர்வீஸ் போடக் கை மேலே போனபோது, முழங்கைக்குள் ஏதோ கிழிந்தது. ராக்கெட் தரையில் கிடந்தது. அதன் பிறகு கையைக் கீழேயிருந்து வீசி, குழந்தைகள் போடுவதைப்போல சர்வீஸ் போட்டேன். எதிரில் ஆடியவள் முதலில் தயங்கினாள், பிறகு ஒவ்வொன்றையும் அடித்தாள். அவள் செய்தது சரி. மூன்றாவது செட்டில் நடுவரிடம் போய், முடியவில்லை என்றேன்.

விழுப்புரத்தில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எந்தப் பந்தில் பயிற்சி என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டார்.

"ஹெவி பால்ங்க. சின்ன வயசுலர்ந்தே. நான்தான் வாங்கியாந்து குடுப்பேன்."

டாக்டர் ஸ்கேனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கல்லூரி ஆய்வகத்தில் இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதிப்போம். உடைகிற நிமிடம்வரை பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தசைநாரைப் பற்றி அவர் விளக்கியது நான் ஏற்கெனவே படித்த பாடம்தான். அப்பாவுக்கு அது புதிது.

"பொண்ணு திரும்ப ஆடுமாங்க?" என்று கேட்டார்.

"எழுதலாம், வீட்டு வேல செய்யலாம். போட்டி வேணாங்க."

ஊர் திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் பஸ்ஸுக்கு நின்றோம். மாத்திரைப் பையைச் சுருட்டிப் பிடித்தபடி அப்பா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பப்பா."

ஒரு கரும்பு லாரி எங்களைக் கடந்து போனது.

"இல்லம்மா," என்றார். "ஒத்தடம் குடுத்துட்டு ஆடுன்னுதான் சொல்லியிருப்பேன்."